அரை டிகிரி குறைச்சல்

“...தொண்ணூத்தொம்பதரை! நூறு இல்ல. மிச்ச அரை டிகிரிய என் வீட்டுலேருந்தா கொண்டாந்து போட முடியும்?” என்று அவர் கேட்டபோது, என் நாலு மாதக் கைக்குழந்தை சளியில் மூக்கடைத்துப்போய், தாயின் தோளில் கிர்ர் கிர்ர் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டவர் எங்கள் தோட்டத்து மருந்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ‘நூறு டிகிரி’ என்றால் நாங்கள் குடியிருந்த லயத்துக் கோழிக்கும் தெரியும். இரக்கத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கோடு போட்டு வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இது முப்பதுகளில் நடந்தது. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வருஷத்தில் பத்து மாதம் மழை பெய்யும்; மற்ற இரண்டு மாதம் பெய்யலாமா என்று யோசிக்கும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், மருந்துக்காரர் எழுதிய துண்டைக் காட்ட வேண்டும். துண்டில் காய்ச்சல் நூறாவது இருக்க வேண்டும் என்பது துரையின் கட்டளை. பெரியவர்களுக்கும் அதே நூறுதான், பிள்ளைக்காக வீட்டில் நிற்கும் தாய்க்கும் அதே நூறுதான். துரை ஒரு தடவை சொன்னதை நம்மவர் மூன்று தடவை சொல்வார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு தெர்மாமீட்டர். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பஞ்சு விரித்துப் படுக்க வைத்திருப்பார். எங்களையெல்லாம் ‘வாடா போடா’ என்பவர், அதை மட்டும் ‘இவரு’ என்பார். “இவரு என்ன சொல்றாருன்னு கேப்போம். இவரு சொன்னத எழுதுவேன். என் பேனா பொய் எழுதாது.”

ஏமாற்றப் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாயில் சுடச்சுட டீயை ஊற்றிக்கொண்டு வருபவர்களை, மழைத் தூவானத்தில் வாயைத் திறந்தபடி கால்மணி நேரம் நிற்க வைப்பார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கருப்பையா ஒரு நாள் அக்குளில் சுட்ட உருளைக்கிழங்கை இடுக்கிக்கொண்டு போனான். இவர் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார்.

“நூத்தியெட்டா? அப்ப நீ செத்து அரைமணி ஆச்சுடா கருப்பையா. அசையாமப் படு, குழி வெட்ட ஆள் அனுப்புறேன்.”

பிறகு கிழங்கைப் பிடுங்கி, “சாட்சிய வெளியில விடக் கூடாது” என்று உப்புத் தொட்டுத் தின்றே முடித்தார். கருப்பையா அன்று முழுக்கக் கவ்வாத்து வெட்டினான்.

மாரியம்மன் திருவிழாவில் இதைவிட மோசம். சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த பூசாரியின் அக்குளில் இவர் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். கூட்டமே மூச்சடக்கி நின்றது. “தொண்ணூத்தெட்டு நாலு. இன்னும் எறங்கல, பொறுங்க” என்றார். பூசாரி ஆட்டத்தை நிறுத்தி முறைத்த முறைப்பில் நிஜமாகவே இறங்கியிருக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் நானும் என் மனைவி செல்லமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். லயத்துப் பெண்கள் அக்கறையோடு மூன்று கம்பளி சுற்றி, தலையில் துண்டு கட்டி, கழுத்தில் வசம்பு கோத்து, சாம்பிராணிப் புகையும் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

“இது புள்ளையா, தபால் பார்சலா?” என்று கேட்டபடி ஒவ்வொரு கம்பளியாகப் பிரித்துப் போட்டார். “காய்ச்சக்காரப் புள்ளய இப்படியா அவிக்கிறது? மூக்கடைச்சதுக்குப் பொகை வேற! பொகை போட்ட மகராசிய இங்க அனுப்பு, அவ மூக்குல போடுறேன்.” மூக்கைத் துணித்திரியால் மெல்லத் துடைத்துவிட்டார். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். அப்புறம்தான் அந்தத் தொண்ணூற்றொன்பதரை.

அரை டிகிரி என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். துண்டு இல்லையென்றால் செல்லம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். பிள்ளை, தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் ஒரே கொட்டகையில் போட்டுவைக்கும் பிள்ளை மடுவத்தில் கிடக்க வேண்டும். பால் கொடுக்க ஒரு தடவைதான் கீழே விடுவார்கள். மூக்கடைத்த பிள்ளையோ இரண்டு மிடறு குடிக்கும், மூச்சு முட்டி வாயெடுக்கும், அழும், மறுபடி தேடும். நாள் முழுக்கத் தாய் மடி பக்கத்தில் இருந்தால்தான் அதன் வயிற்றில் ஏதாவது இறங்கும்.

செல்லம் அதிர்ந்து பேசாதவள். அன்று அவர் முன்னாலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

“சரிங்க. நூறு வர்ற வரைக்கும் இங்கயே ஒக்காந்திருக்கேன். புள்ளைக்குக் காய்ச்சல் ஏறணும்னு நான் வேண்டிக்கிறேன், நீங்களும் பக்கத்துல ஒக்காந்து வேண்டிக்கிங்க.”

நூறு டிகிரி தெர்மாமீட்டரை உதறிக் கூட்டில் படுக்க வைத்தார்.

பிள்ளை மார்பைத் தேடி, இரண்டு மிடறு குடித்து, மூச்சு வாங்கி வீறிட்டது.

“மடுவத்துல எத்தன புள்ளைங்க?” என்று கேட்டார்.

“முப்பதுங்க” என்றாள் செல்லம்.

“ஆயா?”

“ஒருத்திதானுங்க.”

ஜன்னல் வழியாகத் துரை பங்களாவைப் பார்த்தார். “என் பேனா பொய் எழுதாது” என்று பங்களாவுக்கே சொல்வது போலச் சொன்னார். மேசையில் அவருடைய டீ ஆறிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்தால்தானே குடிக்க? கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். கூட்டிலிருந்து ‘இவரை’ எடுத்து, நுனியை மட்டும் பதமாக டீக்குள் இறக்கினார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நூத்தி ரெண்டு. இவரே சொல்லிட்டாரு, நான் என்ன பண்ண?”

எழுதினார், மூன்று நாளைக்கு. துண்டைக் கொடுத்துவிட்டுக் கத்தினார்: “அந்தக் கம்பளியெல்லாம் இவ மேல ஏறக் கூடாது! கேட்டப்பல்லாம் பால் குடு. மூச்சு இழுத்தாலோ பால் வேண்டாம்னாலோ நேரம் பாக்காம இங்க ஓடியா, டிக்கோயா ஆசுபத்திரிக்கு நானே தூக்கிட்டுப் போறேன். போ, போ! கூட்டம் போடாத!”

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ‘இவரை’ வேட்டித் தலைப்பில் துடைத்துப் பஞ்சில் படுக்க வைத்தார். பிறகு, ஆடை படர்ந்து கிடந்த அந்தச் சாட்சியைக் கோப்பையோடு இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.