கோ ஸேயாவுக்கு நான் பூசிய திருநீறு

எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் என்னைத் தேடினால், யாராவது ஒருவருடைய தோளுக்குப் பின்னால் அரைக் காது தெரியும். அதுதான் நான். கேமராவைக் கண்டால் அவ்வளவு கூச்சம்.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த செல்வி புகைப்படக்காரி. அதுவும் பங்க் பாட்டுக்காரர்களைப் படம் பிடிக்கிறவள். (தலைமுடியைச் சேவல் கொண்டைபோல் நிறுத்திக்கொண்டு கோபமாகக் கத்திப் பாடுவது பங்க். நாலாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.)

அன்று, நாங்கள் வாழும் பர்மா நகரத்தின் கியாக்டடாப் பகுதியில் ஒரு பழைய மாடியில் கச்சேரி. கடைசிப் பாட்டில் பாடகன் கோ ஸேயா (பர்மியர் மரியாதைக்கு ஆண் பெயர்முன் ‘கோ’, பெண் பெயர்முன் ‘மா’ சேர்ப்பார்கள்) உயரக் குதிப்பான். அந்தப் படம்தான் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு அட்டை. செல்விக்கும் அதுதான் முதல் அட்டைப்படம். விளக்குப் பிடிக்கிற பெண்ணோ காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

“அம்மா, லைட்ட பிடிச்சிட்டு சும்மா நில்லுங்க. போதும்.”

“ஆளுங்க பாப்பாங்களேடி!”

“உங்கள யாரும்மா பாக்கப் போறா?”

போனேன். கடைசிப் பாட்டும் வந்தது. ஸேயா தலையைச் சுழற்றினான். கண் செருகியது, நாக்கு வெளியே தள்ளியது, உடம்பு உதறியது. காளி கோவில் தீமிதியில் இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஐயோ, பிள்ளைக்குச் சாமி வந்துவிட்டது! மலையேற்றி அனுப்பத் தெரியாமல் எல்லோரும் கை தட்டுகிறார்களே!

கூச்சம் எங்கே போனதோ, விளக்கைத் தரையில் போட்டுவிட்டு மேடையேறினேன். இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, அவன் நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசினேன்.

“பச்சப் புள்ள தாயே, மலையேறிடும்மா!”

அது மைக்கிலும் கேட்டது. குதிக்கப் போனவன் மந்திரித்துவிட்ட கோழிபோல் நின்றான். கிட்டார் நின்றது.

“அமே?” என்றான் மெதுவாக. (பர்மியத்தில் அம்மா.)

“குதிக்க விடலியேம்மா!” என்று கீழே செல்வி அழாத குறை.

அப்புறம் பல நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஒரு காலை ஸேயா பசுந்தாங் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து படங்களைப் பார்த்தான். நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன்.

“குதிக்கிற படம் எல்லார்கிட்டயும் இருக்கு, மா செல்வி. இந்த அமே யார்கிட்ட இருக்கு?”

நான் திருநீறு பூசும்போது செல்வி எடுத்த படமே அட்டையாகிவிட்டது. தரையில் கிடந்த விளக்கு என் முகத்தில் அடித்ததில் மூக்குத்தி, பல், உருட்டிய விழி எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. சாமி வந்தவள் நான் என்றுதான் யாரும் சொல்வார்கள்; பாவம், ஸேயா பூசாரிபோல் நிற்கிறான்.

சட்டையிலும் அச்சடித்துவிட்டார்கள். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் ஒருவனுடைய முதுகில் என்னையே பார்த்தேன். பதறிப்போய் ஒளிய இடம் தேடினால், அகப்பட்டது அந்த முதுகுதான்!

வீட்டில் வந்து சொன்னேன். மருமகன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிரவேயில்லை.

“விடுங்க அத்தை, உங்கள யாரு பாக்கப் போறா?”