பெண் பார்த்த வீட்டில் ஒரு பயிற்சி மையம்

பெண் பார்க்கப் போகிறவன் நல்ல சட்டையாகப் போட வேண்டும், கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்ப எல்லோர் வீட்டிலும் ஆள் இருக்கிறது. போனை அணைத்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இருபத்திரண்டு பேர் வெயிலில் காய்ந்திருக்க வேண்டாம். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரின் நிம்மதி கெட்டிருக்காது. நானும் ஓர் அரசு அதிகாரியின் முன்னால் திருதிருவென்று விழித்திருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சங்கரன்கோவிலில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பெனியில் வேலை. வெளிநாட்டுத் தெருக்களின் படங்கள் எங்களுக்கு வரும். இது கார், இது மரம், இது மனுஷன் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் உலகத்தைக் கற்றுக்கொள்ளும். (கீழே யூரியா மூட்டை, மேலே செயற்கை நுண்ணறிவு. இரண்டுக்கும் ஒரே மாடிப்படி.)

ஒரு நாள் அந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் புது மென்பொருளுக்கு மாறினார். அதில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்குத்தான் அடுத்த ஒப்பந்தத்தில் வேலை என்றும் எழுதிவிட்டார். எங்களிடம் இருந்தது இருபத்திரண்டு பேர். மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரை முப்பது நாள் வரவழைக்க முதலாளி அண்ணாச்சிக்கு வசதி இல்லை. வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் செலவை ஏற்றுக்கொள்ளும் அரசுத் திட்டம் ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான்தான். (அந்த ஜோரில் ‘பயிற்சி மேலாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவனும் நான்தான். நூறு கார்டில் தொண்ணூற்றாறு இன்னும் பீரோவில் இருக்கின்றன.)

திட்டத்தின் விதி எளிமையானது. தினமும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவரும் பயிற்சி மையத்தில் நின்று தங்கள் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். முகமும் சரியாக இருக்க வேண்டும், நிற்கிற இடமும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வருகை கிடையாது. வருகை இல்லையென்றால் பணம் இல்லை, சான்றிதழும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா, சித்தப்பா, தரகர், நான் என்று நான்கு பேர் மாரிச்செல்வியைப் பெண் பார்க்கப் போனோம். ஊரின் மறுகோடியில் வீடு. அவள் அப்பா முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காமல் அவர் பஸ்ஸில் ஈ கூடப் பயணம் செய்ததில்லை என்று தரகர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கேசரி வந்தது. கூடவே அண்ணாச்சியின் போனும் வந்தது.

“ஏலே, இடத்தை உறுதி பண்ணச் சொல்லி மெசேஜ் வந்திருக்காமே, பண்ணிட்டியா? அஞ்சு மணிக்கு மூடிருமாம்லா.”

“பொண்ணு பாக்க வந்திருக்கேன் அண்ணாச்சி” என்று கிசுகிசுத்தேன்.

“பொண்ணு எங்கயும் போகாதுல. வெப்சைட்டு போயிரும்.”

மணி ஐந்துக்கு நாலு நிமிடம். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, கொல்லைப்பக்கம் கொய்யா மரத்தடிக்குப் போனேன். உரக்கடை மாடியின் விலாசத்தை எழுத்துப் பிசகாமல் அடித்தேன். கட்டடத்தின் போட்டோவை ஏற்றினேன். ‘மையத்தின் இடத்தை உறுதி செய்’ என்ற பச்சைப் பட்டனை அழுத்தினேன். வேலை முடிந்த திருப்தியோடு உள்ளே வந்தால், பெண் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். கதவு மறைவில் சேலைத் தலைப்பு கொஞ்சம் தெரிந்தது. அதைப் பார்த்தே எனக்குப் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பா, “கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புதோம்” என்றார்.

திங்கட்கிழமை காலை பயிற்சி ஆரம்பம். இருபத்திரண்டு பேரும் போனைத் தூக்கி முகத்தைக் காட்டினார்கள். இருபத்திரண்டு போனிலும் ஒரே செய்தி. நீங்கள் பயிற்சி மையத்தில் இல்லை, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள்.

மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற முப்பிடாதி அண்ணன்தான் எங்களில் மூத்தவர். நாற்பது வயதுக்கு மேல் மவுஸ் பிடிக்கப் பழகியவர். அவர் சொன்னார்: “தம்பி, நாம வேலை பாக்குத இடத்துல நாம இல்லியாம். அப்பம் இது யாரு?”

வரைபடத்தைத் திறந்தேன். நீல வட்டம் ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. பெரிதாக்கினேன். ஒரு மொட்டை மாடி, கறுப்புத் தண்ணீர்த்தொட்டி, பின்னால் ஒரு கொய்யா மரம். அந்தப் பச்சைப் பட்டன் நான் அடித்த விலாசத்தைச் சட்டையே செய்யவில்லை. போன் எங்கே இருந்ததோ அதையே மையமாகப் பதிந்துவிட்டது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இடத்தை மாற்றலாம், அதற்கு முப்பது வேலை நாள் ஆகும் என்றார்கள். பயிற்சியே முப்பது நாள்தான்.

பெண் வீட்டிலிருந்து பதில் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை தனியாக அந்த வாசலை மிதிப்பது எவ்வளவு பெரிய அசிங்கம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் போனேன். கண்டக்டர் மாமா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார்.

“எத்தனை பேரு?”

“இருவத்திரண்டு.”

“டெய்லியா?”

“ரெண்டு நேரம் மாமா.” (மாமா என்றது பழக்கதோஷம். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் ‘சார்’ என்று திருத்தினேன்.)

“அவங்களுக்கு வேலை போயிருமோ?”

“போயிரும் சார்.”

“வாசல்ல நின்னுட்டுப் போகட்டும். யாரும் உள்ள வரக்கூடாது. நீங்களுந்தான்.”

அன்றிலிருந்து காலை பத்து மணிக்குப் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் நாங்கள் அங்கே போய் இறங்குவோம். முகத்தைக் காட்டுவோம். திரும்பி உரக்கடை மாடிக்கு வந்து பாடம் படிப்போம். மாலையில் மறுபடி போவோம். வட்டம் சின்னது என்பதால் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்க வேண்டும். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கு மூன்றாவது நாள் பொறுக்கவில்லை. “முன்னால போங்க, முன்னால எடம் கெடக்குல்லா. படியில நிக்காதீங்க” என்று ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். தலையை எண்ணினார். ஒரு நாள், “ஒண்ணு குறையுதே” என்றார். முப்பிடாதி அண்ணன் வந்த பஸ் வழியில் நின்றுபோயிருந்தது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து, நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அவரைக் கொண்டுவந்து இறக்கினேன். கண்டக்டர், “ரைட்” என்றார்.

மறுநாள் பாதிப் பேருக்கு முகமே பதியவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்: “வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னா மூஞ்சி இருட்டாத்தான் தெரியும். கெழக்க பாத்து நில்லுங்க.” எல்லோரும் கிழக்கே திரும்பினோம். எல்லோருக்கும் பதிந்தது. மாரிச்செல்வியின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். அன்று பாடம் எதுவும் என் தலையில் ஏறவில்லை.

ஆனால் தெருவில் வேறு பேச்சு ஓடியது. பதில் சொல்லத் தாமதமானதால் மாப்பிள்ளை ஆள் திரட்டி வந்து பெண் வீட்டை முற்றுகை போடுகிறான் என்று கிளப்பிவிட்டார்கள். இரண்டு வேளை முற்றுகை, நடுவில் சாப்பாட்டு இடைவேளை. சிவகிரியிலிருந்து அவளைப் பார்க்க வருவதாக இருந்த இன்னொரு குடும்பம், நமக்கு எதற்கு வம்பு என்று நின்றுவிட்டதாம். எனக்கு உள்ளூர சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். சத்தியமாக இல்லை. பிடித்த பெண்ணுக்கு என்னால் கெட்ட பெயர் வருகிறதே என்று சோறு இறங்கவில்லை. அம்மா வேறு, “பதிலு வருமாடா, போலீஸ் வருமாடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பதினொன்றரை மணிக்குக் கண்டக்டர் போன் செய்தார். “தம்பி, செக்கிங் வந்திருக்கு. ஆளுகளைக் கூட்டிட்டு உடனே வாங்க.”

அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது. செக்கிங் என்பது அவருக்கு அப்படிப்பட்ட விஷயம். பதிவான இடத்தில் பயிற்சி நடக்கிறதா என்று பார்க்கத் திட்டத்தின் ஆய்வு அதிகாரி திடீரென்று வந்து, நேராக அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். என்னையும் சேர்த்து நாங்கள் இருபத்துமூன்று பேரும் அடித்துப் பிடித்து ஓடினோம். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். என் இருபத்தொன்பது வயது மூளை, இருந்த வழிகளிலேயே மோசமான வழியைத் தேர்ந்தெடுத்தது.

அதிகாரியம்மா முன்வாசலில் நாற்காலி போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியபடி, “வணக்கம் மேடம். கிளாஸ் மாடியிலதான் நடக்குது. இப்பதான் எல்லாரும் டீ குடிக்கப் போனோம்” என்றேன்.

அவர் மோரைக் கீழே வைத்தார். “அப்படியா? சார் வேற மாதிரி சொன்னாரே. பொண்ணு பார்க்க வந்த இடத்துல பட்டனை அமுக்கிட்டீங்கன்னு.”

முப்பத்தொரு வருஷம் செக்கிங்கிடம் எதையும் மறைக்காத மனிதர் அன்று மட்டும் மறைப்பாரா? எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவனைப் பார்க்கிற பார்வை. என் பின்னால் இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “பொய் சொல்லிட்டேன் மேடம். தப்பு என்னோடது. இவங்க தினமும் ஒழுங்கா படிக்காங்க. இவங்களுக்கு வேலை போகாம பாத்துக்கிடுங்க” என்றேன்.

அதிகாரியம்மா பேனாவைக் கையில் உருட்டினார். “பதிவான இடத்துல கிளாஸ் நடக்கணும். நடக்கலைன்னா மையம் இல்லைன்னுதான் நான் எழுத முடியும்” என்றவர், கண்டக்டர் பக்கம் திரும்பி, “அது கிடக்கட்டும், பொண்ணு விஷயத்துல என்ன பதில் சொன்னீங்க?” என்றார்.

“பதிலு என்னைக்கோ ரெடி மேடம். சொல்லத்தான் நேரம் அமையல. இப்பம் சொல்லிரலாம்” என்று அவர் தொண்டையைச் செருமினார்.

“அப்பா, நான் சொல்லுதேன்.” மாரிச்செல்வி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினாள். “மேடம், அவரு இப்பம் சொன்னது பொய்தான். ஆனா இன்னைக்கு மத்தியானத்துல இருந்து கிளாஸ் எங்க மாடியிலதான் நடக்கும். இடத்தை மாத்த வேண்டாம்னு எழுதிக்கிடுங்க.”

“ஏட்டி, யாரைக் கேட்டுச் சொல்லுத?” என்றார் அப்பா.

“எடத்தையா, மத்ததையா?”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, “மேல ஏறுங்க, படியில நிக்காதீங்க” என்றார். முப்பிடாதி அண்ணன்தான் முதலில் ஏறினார். அதிகாரியம்மா மையம் உண்டு என்று எழுதினார். முந்தைய பன்னிரண்டு நாள் செல்லாது, முதலிலிருந்து முப்பது நாள் எண்ண வேண்டும் என்றும் எழுதினார். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி நான் வாங்கிய வசவு தனிக்கதை. ஆனால் முப்பது நாளும் அந்த மாடியில் பாடம் நடந்தது. இருபத்திரண்டு பேரும் தேறினார்கள். முப்பிடாதி அண்ணன் சான்றிதழை லேமினேட் செய்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமனார் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பிடித்துக்கொள்வார். “எங்க மாப்பிள்ளை பொண்ணு பாக்க வரயில மூணு பேரோட வந்தாரு. பதிலு கேக்க வரயில இருவத்திரண்டு பேரோட வந்தாரு. பதிலு அதுக்கு முன்னாலயே ரெடி” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் பக்கத்து இலைக்காரர் விடவில்லை. “ரெடியா இருந்த பதிலு என்ன அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டார். மாமனார் ரசத்தைக் குடித்துக்கொண்டே மகளைப் பார்த்தார்.

“வேண்டாம்னுதான்” என்றாள் செல்வி, எனக்கு அப்பளம் வைத்துக்கொண்டே. “காப்பி கொண்டாந்து வைக்கேன், ஆளு கொய்யா மரத்தடியில போனை நோண்டிக்கிட்டு நிக்காரு. அன்னைக்கு சாயந்தரமே சொல்லிட்டேன். தரகர்ட்ட சொல்லி விடுததுக்குள்ள கூட்டத்தோட வந்துட்டாரு. அத்தனை பேரு முன்னால எப்படிச் சொல்லன்னு அப்பா தள்ளிப் போட்டுட்டே இருந்தாரு.”

“அப்பம் ஏன் மாத்திச் சொன்ன?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு நாளு ஜன்னல் வழியா பாத்தேன்லா” என்றாள். “நீங்க ஒரு நாள்கூட லீவு போடல.”