பைக் இல்லாத ஹெல்மெட்

பெங்களூரில் இருக்கும் அத்தனை ஹெல்மெட்டுகளிலும் உண்மையாக உழைத்தது ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரனிடம் பைக் கிடையாது.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தான் அவன். திருப்பத்தூர்க்காரன். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடி வந்து, அதுவரைக்கும் என்று ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தான். அதை வேலை என்று அவனே ஒப்புக்கொள்வதில்லை. பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் தெருவுக்கே அவன் ஹெல்மெட்.

பைக் வாங்கும் முன்பே ஹெல்மெட்டை வாங்கிவிட்டான். வாங்கிய பொருள் சும்மா கிடப்பானேன் என்று நடக்கும்போதும் போட்டுக்கொண்டான். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். மழை பெய்தால் கிளை முறிந்து கார் மேல் விழுவதெல்லாம் இந்த ஊரில் செய்தியே அல்ல. நடுவில் தென்னை வேறு. டீக்கடையில் ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு டீ குடிப்பான். பஸ்ஸில் கண்டக்டர், "பைக் எல்லி சாமி?" என்று, பைக் எங்கே என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தால், இவன் சிரிக்காமல், "இன்னும் வாங்கல சார்" என்பான்.

எதிர்வீட்டு ஸ்டெல்லாம்மா இட்லி மாவு விற்பவர். ஒருநாள் அவருடைய சமையலறை வாசலில் போய் நின்றான்.

"ஏம்ப்பா ஹெல்மெட், மாவு வாங்கத்தானே வந்தே? என் வீட்டுக் கூரை மேல அவ்ளோ சந்தேகமா?"

"கூரை பரவால்லக்கா. உங்க கேஸ் ட்யூப்தான் சரியில்ல."

குனிந்து பார்த்தால் ட்யூப்பில் நிஜமாகவே வெடிப்பு விட்டிருந்தது. ஸ்டெல்லாம்மா சிலுவை போட்டுக்கொண்டு அன்றைக்கே மாற்றினார். அதன்பின் தெருவே மாற்றியது. "அஞ்சு வருஷம் தாங்கும்னு போட்டிருப்பான், நம்பாதீங்க, ரெண்டு வருஷத்துல மாத்துங்க" என்று வீடு வீடாகச் சொன்னான். கல்யாண வீடுகளில் பந்தல் காலை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். அவன் எழுந்து வேறு இடம் போனால், பின்னாலேயே ஒரு வரிசை எழுந்து போகும். அவனை அதிகம் கிண்டல் செய்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள்.

மாடியறையில் கட்டிலை மூலைக்குத் தள்ளிப் போட்டிருந்தான். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க மாட்டான்.

"அங்கே காத்து வருமா?" என்று கேட்டேன்.

"காத்து வராது சார். ஃபேனும் வராது."

என் மனைவி இறந்துவிட்டாள். மகன் கனடாவில். ஹெல்மெட் தினமும் மாலையில் கீழே வருவான். நான் மாத்திரை போட்டேனா என்று கேட்பான். குளியலறை வாசல் மிதியடி வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்ப்பான். பிறகு இருவரும் காபி குடிப்போம். நான் பின்னால் செய்த காரியத்துக்கு இந்தக் காபிதான் காரணம். வேறு காரணம் எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ஒரு மாலை அவன் கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கி வந்தான். அப்படி அவன் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"சார், வேலை வந்துடுச்சு! இன்சூரன்ஸ் கம்பெனி, வைட்ஃபீல்ட்ல. சேல்ஸ் புரொட்யூசர்!"

வெளியே நின்ற ஸ்டெல்லாம்மா, "புரொட்யூசரா? ஹீரோயின் யாருப்பா?" என்றார்.

ஹீரோயின் இருந்தாள். திருப்பத்தூரில் அவனுடைய தாய்மாமன் மகள் மஞ்சு. இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சு. மாமா மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார்: கையில் வேலைக்கான ஆர்டர் இருந்தால் பெண், இல்லையென்றால் தை மாதம் ஆம்பூர் மாப்பிள்ளை. அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது.

உடனே சரி என்று சொல்லிவிட ஹெல்மெட்டால் முடியுமா? வேலையையும் பந்தல் காலைப் போல அசைத்துப் பார்த்தான். "மோசமாப் போனா என்ன சார் ஆகும்?" என்று கம்பெனி அனுப்பிய கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் கேட்டான். நான் ஒரு பெரிய தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயிரக்கணக்கானவர்களை நேர்முகத் தேர்வில் பார்த்தவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

ஆட்களைத் தேடிப் போய்ப் பேசி பாலிசி எடுக்கவைக்கும் வேலை. முதல் ஆறு மாதம் நிலையான சம்பளம். பிறகு சம்பளம் குறையும், கமிஷன் சேரும். லைசென்ஸ் தேர்வுக்குக் கம்பெனியே பயிற்சி தரும். சொந்தமாக டூ வீலர் இருக்க வேண்டும்.

"டூ வீலர் கட்டாயமாம்ப்பா" என்றேன்.

"பாதி இருக்கு சார்" என்று தலையைத் தட்டிக் காட்டினான்.

நியாயமான வேலைதான். அதைச் சொல்ல வாயெடுத்தபோது கடைசி வரி கண்ணில் பட்டது. தினமும் காலையில் சீக்கிரமே வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் கூட்டம். அந்த ட்ராஃபிக்கில் இங்கிருந்து போய்வர முடியாது. "அங்கியே வீடு பார்க்கணும் சார், மஞ்சுவும் வந்துடுவால்ல" என்றான். நான் காபி தம்ளரைக் கீழே வைத்தேன்.

"உனக்கு விற்க வருமா? அதையல்லவா முதலில் பார்க்கணும்?" என்றேன்.

"கரெக்ட் சார். நீங்க கஸ்டமர். நான் வெளிய போய்ட்டு வரேன்."

வெளியே போய்க் கதவைச் சாத்தி மணியடித்தான்.

"யாருப்பா?"

"ஹெல்மெட் சார்."

"கம்பெனி பேரைச் சொல்லுடா!"

மறுபடி மணி. மறுபடி வணக்கம். எதிரில் உட்கார்ந்தான். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது.

"சார், இந்தப் பாலிசியில என்னென்ன கிடைக்காதுன்னு முதல்ல சொல்லிடறேன்."

சொன்னான். காபி ஆறி ஏடு கட்டும்வரை சொன்னான். எந்தெந்த நோய்க்குப் பணம் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எதை மறைத்தால் பணம் வராது, எந்தத் தவணையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாமே.

"இப்படிச் சொன்னா எவன்டா வாங்குவான்?"

"பின்னாடி அழுதுகிட்டு அலையறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கட்டுமே சார். சரி, இப்ப ஒரு கேள்வி. நீங்க இல்லாமப் போனா யாருக்குச் சார் கஷ்டம்?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். நானும் விளையாட்டாகத்தான் பதில் சொல்லப் பார்த்தேன். மகன் என்னைவிட வசதியாக இருக்கிறான். மனைவி இல்லை.

"யாருக்கும் இல்லைப்பா" என்றேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். தலைமுடி அழுந்திப்போய், வேறு யாரோ ஒருவன் மாதிரி இருந்தான்.

"அப்ப உங்களுக்கு இந்தப் பாலிசி வேணாம் சார். காசு வேஸ்ட்டு. ஆனா யாருக்கும் இல்லன்னு சொல்லாதீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்."

என் சர்வீஸில் இவ்வளவு நல்ல விற்பனையாளனை நான் பார்த்ததில்லை. ஒரு தெருவையே கேஸ் ட்யூப் மாற்றவைத்தவன். வேண்டாத பொருளை வேண்டாம் என்று சொல்கிறவனை ஜனங்கள் நம்புவார்கள், அடுத்த முறை அவனையேதான் கூப்பிடுவார்கள். அந்த நிமிடமே இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்:

"உனக்கு இது வராதுப்பா. வர்ற கஸ்டமரையே திருப்பி அனுப்பற ஆள் நீ. ஆறு மாசம் முடிஞ்சதும் வெளியே தள்ளிடுவாங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கப்போறியா?"

"மாமா தை மாசம்னு..."

"இதைவிட நல்ல வேலை அதுக்குள்ள வரும். நான் பாத்துச் சொல்றேன்."

நான் யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவன் மறுநாளே கம்பெனிக்குப் போன் செய்து, மன்னிப்புக் கேட்டு, வேண்டாமென்று சொல்லிவிட்டான். மாலையில் வந்து மிதியடியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லவேளை சார், பெரிய ரிஸ்க்லேர்ந்து காப்பாத்தினீங்க" என்றான். அந்தக் காபியை நான் குடித்தேன்.

தை பிறந்தது. மஞ்சுவுக்கும் ஆம்பூர்க்காரருக்கும் கல்யாணம் ஆனது. ஹெல்மெட் போய் ஓடியாடிப் பந்தி பரிமாறிவிட்டு வந்தான். தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை என் மேஜைமேல் வைத்தான்.

"தலையில விழாம கையில வந்த மொதத் தேங்கா சார்" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

அதன்பின் மாலைகளில் வருவது குறைந்தது. வந்தாலும் மேலே பார்ப்பதில்லை, எதையும் அசைத்துப் பார்ப்பதில்லை. ஒருநாள் ஸ்டெல்லாம்மா என்னைக் கேட்டார்: "என்ன சார், நம்ம ஹெல்மெட்டு வெறும் தலையோட போறான்?" சித்திரை முடியும்போது சொந்த ஊரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இடம் இருக்கிறதென்று கிளம்பிவிட்டான். எந்தக் காபிக்காக அவனைப் பிடித்து வைத்தேனோ அதுவும் எனக்கு இல்லாமல் போனது. போகும்போது ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தான்.

"மழை வரப்போகுது சார். பால் வாங்கப் போகும்போது போட்டுக்கோங்க. மரத்தை நம்பாதீங்க."

போன வாரம் ஓர் இன்சூரன்ஸ்காரர் வந்தார். அழகாக டை கட்டியிருந்தார். என்னென்ன கிடைக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். என்ன கிடைக்காது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை அனுப்பிவிட்டுத் திருப்பத்தூருக்குப் போன் போட்டேன்.

"நல்லா இருக்கீங்களா சார்?" பின்னால் லாரி சத்தம்.

"இருக்கேன்ப்பா. உனக்குக் கல்யாணம்...?"

"இன்னும் இல்ல சார். பாத்துக்கிட்டே இருக்காங்க."

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ பேசினது ரொம்ப நல்லா இருந்தது. நீ அந்த வேலையில ஜெயிச்சிருப்பே. எனக்கு அப்பவே தெரியும். நீ போயிடுவியேன்னுதான் வராதுன்னு சொன்னேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார்" என்றான். "உங்க கேஸ் ட்யூப் மாத்தி ரெண்டு வருஷம் ஆயிருக்குமே. மாத்திட்டீங்களா?"

"இல்லப்பா."

"மாத்திடுங்க சார்."

வைத்துவிட்டான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. நான் ட்யூப்பை மாற்றிவிட்டேன்.

பால் வாங்க ஹெல்மெட்டோடுதான் போகிறேன். தெருவில் பிள்ளைகள் இப்போது என்னை, "ஹெல்மெட் தாத்தா!" என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவன்தான் வந்துவிட்டானோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.