மாரீஸ்வரி போட்ட துண்டு

வருசநாட்டில் இருக்கும் மச்சான் சுருளிராஜன் அவர்களுக்கு, ஜெயமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை பேச்சிமுத்து இடது கையால் எழுதி, வலது கையையும் தூக்கி வைத்துக் கும்பிட்டுக்கொள்வது.

எனக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இது நிஜம். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மாட்டுச் சந்தையில் பேசிக்கொள்வது நிஜமல்ல. பார்க்க வந்த நீங்கள் என்னைவிட வாசலில் நின்ற என் செவலைக் காளைகளைத்தான் அதிக நேரம் தடவிக் கொடுத்தீர்கள் என்பதும், "இனி மாப்பிள்ளை கை எங்கன எந்திரிக்க, சோடிய நானே ஓட்டிக்கிட்டுப் போயிறவா" என்று உங்கள் தங்கச்சியிடம் கேட்டீர்கள் என்பதும் நிஜம். வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே கயிற்றை அவிழ்த்திருப்பேன்.

கையை எழுப்ப மகிமா என்ற பிசியோதெரபிப் பிள்ளை வீட்டுக்கே வருகிறது. தங்கமான பிள்ளை. ஆனால் வந்ததும் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னது. மாட்டுத் தரகன் நான் எப்படிப் பிடிப்பேன்? துண்டு மூடாமல் நாலு பேர் பார்க்க விரலைப் பிடித்தால், விரல் கணக்கில் பேசும் விலையை ஊருக்கே சொன்னதாகாதா? என்ன மாடு, யார் மாடு என்றுகூட அது சொல்லவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஐயாவுக்குக் குணமாக மனசில்லை என்று அது கவலைப்பட, கை பாட்டுக்கு மடியில் தூங்க, நாள்தான் ஓடியது.

கடைசியில் உங்கள் தங்கச்சி மாரீஸ்வரிதான் என் தோள் துண்டை உருவிக் கைமேல் போட்டாள். உள்ளே கையை விட்டு என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். "அஞ்சு மாசம் சந்தைப் பக்கம் போகக் கூடாது. கட்டுபடியாகலைன்னா என் விரலக் கொறைச்சுப் பிடிங்க."

துண்டுக்குள் நடப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தூக்கத்துல என் விரலப் பிடிச்சு எத்தனை மாடு வித்திருப்பீக" என்றாள்.

ஐந்து மாதம் போகாவிட்டால் தரகு பூராவும் போட்டித் தரகன் தங்கப்பாண்டியனுக்குப் போய்விடும் மச்சான். அந்த ஆத்திரத்தில் வேர்த்து விறுவிறுத்து அவள் கையைத் தேடினேன். செத்துக் கிடந்த விரல்கள் மெதுவாக மடங்கி, அவளுடைய நாலு விரலைப் பிடித்துவிட்டன. அப்புறம் தினமும் துண்டுதான். உங்கள் தங்கச்சி லேசில் இறங்குகிறவளா? மூன்றுக்கு வந்த அன்று மகிமா கண்ணைத் துடைத்தது. பேரத்தின் நடுவே அழுதால் காரியம் கெட்டுப்போகும் என்று அதட்டப் பார்த்தேன். இடது கையால் நானும் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. நேற்று இரண்டு விரலை மட்டும் தனியாகப் பிரித்து அழுத்தினேன். படிந்தது என்றாள். பேரம் முடிந்தும் அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஆகவே, கை வந்துகொண்டிருக்கிறது. காளைகள் விற்பனைக்கு இல்லை. உங்கள் கிணறு வற்றாமல், அக்காவின் முழங்கால் வலி தீர்ந்து, எல்லோரும் நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேச்சிமுத்து

பி.கு.: காளைகள் விற்பனைக்கு இல்லை என்றதை அடித்துவிடவும். இதைப் படித்த மாரீஸ்வரி, தொழில் தூங்கக் கூடாது, இந்த இரண்டு மாதமும் சந்தைக்குத் தானே போகிறேன் என்கிறாள். முதல் பேரம் உங்களோடுதானாம். அண்ணன் என்பதற்காக ஒரு விரல்கூட இறங்க மாட்டாளாம். எங்களுக்குள் பேசி முடித்தது இதுதான்: லாபத்தில் சரிபாதி அவளுக்கு, சோறாக்குவது நான்.