மூட்டு நலக் குழுவின் மகத்தான சேவை

மனித குலம் மூட்டுவலிக்கு எதிராக நடத்திவரும் போரில் எங்கள் அலுவலகத்தின் 'மூட்டு நலக் குழு'வுக்குத் தனி இடம் உண்டு. குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்லும்படி தலைவரும் உத்தரவிட்டிருக்கிறார்.

குழு பிறந்ததே தலைவரின் வலது கால் பெருவிரலில்தான். ஒரு விருந்துக்கு மறுநாள் அது தக்காளி போல வீங்கிவிட்டது. போர்வை பட்டால்கூட அலறினார். 'கவுட்' என்றார் டாக்டர். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி மூட்டில் படிந்துவிட்டதாம். அன்று மாலையே ஊழியர்களின் மூட்டு மருந்துச் செலவை நிர்வாகம் ஏற்கும் என்று விதி வந்தது. முதல் மருந்து தலைவருக்குப் போயிற்று. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அது. தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். தலைவரோ வலி வந்தால் சாப்பிடுவார், வலி போனதும் ஆட்டுக்கறிக்குத் திரும்பிவிடுவார். ஒவ்வொரு முறையும் நோயைப் புதிதாகச் சந்திக்கும் இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

குழுவின் பெயர்ப் பலகையை எழுதியவர் பதிவுப் பிரிவு அக்கா. அலுவலகத்தின் எல்லாப் பலகையும் அவர் கையெழுத்துதான், அச்சு தோற்றுப்போகும். அவரே ஒருநாள் குழுவின் முன் வந்து நின்றார். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

"காலைல எழுந்தா கையை மூடவே முடியல சார். முடக்குவாதம்னு டாக்டர் சொல்றாங்க. சீக்கிரமா மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாம காப்பாத்திடலாமாம். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை, அதோட ஊசி."

"வாரத்துக்கு ஒருநாளா?" தலைவர் சிரித்தார். "நான் தினமும் சாப்பிட வேண்டியவன்மா. அப்போ எனக்கு இருக்கிற நோயில ஏழுல ஒரு பங்குதான் உனக்கு."

இந்தக் கணிதத்தில் உறுப்பினர்கள் மெய்மறந்து போனார்கள்.

"இது வேற நோய் சார். உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குதாம்."

"மூட்டுன்னா மூட்டுதான். கறியைக் குறை."

"நான் கறியே சாப்பிடறதில்ல சார்."

"அப்போ குறைக்க ஒண்ணுமே இல்லையே. அதுதான் பிரச்சினை."

கருணை மேலிட்டு, தாம் சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த மாத்திரைகளில் ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அக்கா அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். விலை உயர்ந்த ஊசியை, 'பாதிப்பு கண்ணால் காணத்தக்கதாக' ஆன பிறகு பரிசீலிக்கலாம் என்று தீர்மானித்தோம். விரல் கோணாமல் இருக்கத் தரும் மருந்தை, விரல் கோணிய பிறகு தருவது! இப்படியொரு நிதானம் வேறெந்த அலுவலகத்துக்கு வாய்க்கும்?

அதன்பின் கூட்டம் கூடும்போதெல்லாம் அக்கா வந்து கையை நீட்டுவார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

"இன்னும் நேராத்தான்மா இருக்கு. அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

தலைவரின் பெருவிரல் வீங்கினால் கூட்டமே தள்ளிப்போகும். அக்காவின் விரல்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

கடைசியில் ஒரு கூட்டத்தில் தலைவரின் முகம் மலர்ந்தது. "அட, கோணிடுச்சே. வாழ்த்துகள்மா."

"இனிமே ஊசி போட்டா வலிதான் குறையும் சார். விரல் நிமிராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"வலி குறையுதில்ல? அப்புறம் என்ன?"

ஆண்டு விழா மேடையில் அக்காவின் ஊசிக்கான அனுமதியைத் தலைவரே அறிவித்தார். அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் அக்கா மட்டும் இரு கைகளையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கியதும் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

"எல்லாரும் தட்டினாங்க. அந்தம்மா கையை அசைக்கவே இல்ல. பார்த்தியா திமிரை?"

பார்த்தேன். நன்றியுணர்ச்சி என்பது ஓர் அலுவலகத்தின் முதுகெலும்பு. அதை வளைய விடலாகாது. மறுநாளே விளக்கம் கேட்டு உத்தரவு அனுப்பினோம். ஏன் கைதட்டவில்லை என்பதை அக்கா தம் சொந்தக் கையெழுத்தில், எங்கள் பலகையில் உள்ளது போல அழகாக எழுதித் தர வேண்டும்.