ஆனையூர்ச் சந்தில் ஒரு விழிப்புணர்வு ஆய்வு

"அம்பதுல ஒண்ணு கூடவா வரல?" என்று போனில் கேட்டார் பேராசிரியர்.

"நாளைக்கு வந்துரும் சார்" என்றாள் சரண்யாதேவி. நேற்றும் இதையேதான் சொன்னாள்.

எம்.ஏ. அரசியல் அறிவியல், இறுதியாண்டு. 'அடித்தட்டு மக்களின் அரசியல் விழிப்புணர்வு' என்று ஆய்வு. ஆனையூரில் ஒரு சந்தைப் பிடித்து, வீட்டுக்கு ஒன்றாக ஐம்பது கேள்வித்தாள் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அவை திரும்பி வராவிட்டால் இந்த வருஷம் பட்டம் கிடையாது. 'விழிப்புணர்வு மிகக் குறைவு' என்று முடிவுரையை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்தான், கொஞ்சம் அவசரக்காரி.

திங்கட்கிழமை சந்துக்குள் நுழைந்ததும் இட்லிக்கடை மலையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, அந்தத் தாளை எழுத என் மக இன்னும் வரல. குழாய்ல இருவது நாளா தண்ணியும் வரல. ஒரு மனு எழுதிக் குடேன்."

"பெரியம்மா, நான் ஆபீசர் இல்ல. காலேஜ் பிள்ளை."

"அப்பத் தெளிவா எழுதுவே."

ஒன்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி எழுதினாள். மறுநாள் பதினாறு பேர் நின்றார்கள்.

"கேள்வித்தாள் என்னாச்சுண்ணே?"

"கண்ணாடியக் காணோம் பாப்பா" என்றார் வரிசையில் முதலில் நின்ற விருமாண்டி. "நீ மனுவ எழுது."

மாணவிதான் என்று காட்ட, புதன்கிழமை கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். அட்டையைப் பார்த்துப் பக்கத்துச் சந்தும் வந்து நின்றது.

மொத்தமாகத் தலைமுழுகிவிடலாம் என்று மனுக்களை வார்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கொண்டு வந்தவங்க பேரு, போன் நம்பர் எழுதுங்க" என்றார் அங்கிருந்தவர்.

எழுதினாள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "மேடம், உங்க குழாய் எந்த எடத்துல அடைச்சிருக்கு?" என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் கேட்க, பரவை வீட்டில் பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா, "நம்ம குழாய்க்கு என்னடி ஆச்சு?" என்று பதறினாள்.

ஆனாலும் அந்தப் பெண்ணைப் பாராட்டத்தான் வேண்டும். அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தாள். பாடத்தில் படித்த உள்ளாட்சிச் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு எடுத்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் கொட்டியது. சந்தே குடத்தோடு ஓடியது.

கேள்வித்தாள் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. மலையம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னைய ஆபீசருன்னே நெனச்சு எல்லாரும் என் படிப்பைக் கெடுத்துட்டீங்களே!"

மலையம்மாள் உள்ளே போய் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். ஐம்பதும் இருந்தன. ஒரு கேள்வி விடாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

"ஆபீசருன்னு யாரு நெனச்சா? குடுத்த அன்னைக்கே எழுதி முடிச்சாச்சு தாயி. அப்பவே திருப்பிக் குடுத்திருந்தா, நீ மறுபடி இந்தப் பக்கம் வந்திருப்பியா?"