நாய் டயப்பர் வாங்கிய நிபுணர்

காப்பெல், டெக்சாஸ்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய நஞ்சப்பன் மச்சான் அவர்களுக்கு,

நெடுஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை வான்மதி, மகள் கயல் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சாந்தாமணி அக்காவும் தென்னைகளும் சுகமாக இருக்க வேண்டும். தென்னைகளை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். கிழக்குத் தோப்பை விற்று, "மாப்ள கை காட்டற ஷேர்ல போட்டுடலாமுங்க" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் தைரியம் போய்விடும். அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். பேட்டரி செய்யும் ஒரு கம்பெனி எங்கேயோ போகப்போகிறது என்று யூட்யூபில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னதை நம்பி, போன வருஷம் ஆபீஸ் மீட்டிங் நடுவே கேமராவை அணைத்துவிட்டு, போனில் அவசரமாக அதன் பங்கை வாங்கினேன். இங்கே கம்பெனிப் பெயரை முழுதாக அடிக்க வேண்டாம், நான்கெழுத்துக் குறியீடு போதும். அதில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன். வந்து சேர்ந்தது நாய்களுக்கு டயப்பர் தைக்கும் கம்பெனி. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். விற்றால் நஷ்டம், சொன்னால் வெட்கம், கிடக்கட்டும் என்று விட்டால், ஒரு பெரிய நிறுவனம் அந்தக் கம்பெனியையே விலைக்குக் கேட்டு, பங்கு மூன்று மடங்காகிவிட்டது! அதை எதிர்வீட்டு டாக்டர் வாஞ்சிநாதன் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் என் போனில் எட்டிப் பார்த்துவிட்டார்.

"சார்! நாய் டயப்பரா? இத எப்படி சார் புடிச்சீங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மச்சான், சத்தியமாக. ஆனால் வந்தது, "எல்லாம் ரிசர்ச்தான் டாக்டர்."

அதோடு என் நிம்மதி போச்சு. கோயிலில் புளியோதரை வரிசையில் நின்றால்கூட முன்னே விடுகிறார்கள், 'சார்' என்கிறார்கள். கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன். டயப்பரை விற்று அத்தனையையும் அந்த நிஜ பேட்டரியில் போட்டேன். அது பாதியாகிவிட்டது. அந்த வாரம் பார்த்து, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் 'பங்குகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிஷம் பேசினேன். பேலன்ஸ் ஷீட் படியுங்கள், கூட்டத்தோடு ஓடாதீர்கள், சூதாட்டம் வேறு முதலீடு வேறு என்றேன். நான் செய்யாததில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் விடவில்லை. கடைசியில் ஷ்யாமளா ஆன்ட்டி எழுந்து, "அந்த நாய் கம்பெனிய கண்டுபிடிச்சத மட்டும் ஸ்டெப் பை ஸ்டெப்பா சொல்லுங்களேன்" என்றார். நான் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். டான்ஸ் மேக்கப்போடு முன்வரிசையில் இருந்த கயல் பொறுமையிழந்து,

"அப்பா, ஜஸ்ட் டெல் தெம். யூ டைப்ட் இட் ராங்!"

ஹாலே சிரித்தது. வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வீடு திரும்பும்போது வான்மதிதான் காரை ஓட்டினாள். சிரிப்பு தாங்காமல் ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்க்கில், நிறுத்திவிட்டாள். அவள் வழி வேறு, மச்சான். மாசாமாசம் சம்பளத்தில் ஒரு பகுதியை, மொத்தச் சந்தையையும் சேர்த்து வாங்கும் ஒரு ஃபண்டில் போடுவாள், மறந்துவிடுவாள்.

"நீங்க தப்பா வாங்குனது எனக்கு அப்பவே தெரியும். ஸ்டேட்மென்ட் என் மெயிலுக்கும்தான் வருது. கயல்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஆபீஸ்ல உங்கள யாரும் சார்னு கூப்புடறதில்ல. இங்க கூப்புட்டாங்க. நல்லாத்தான இருந்துச்சு?"

ஒரு காபி வாங்கி ரெண்டு பேரும் பாதிப் பாதி குடித்தோம்.

ஆகவே மச்சான், தோப்பை விற்காதீர்கள். நான் இனி பங்கு என்று வாய் திறக்க மாட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் காய்ப்பதெல்லாம் நிறையக் காய்க்கட்டும்.

அன்புள்ள மாப்பிள்ளை,
நெடுஞ்செழியன்

பி.கு. (திங்கட்கிழமை): காலையில் சங்கத்திலிருந்து போன். இத்தனை வருஷத்தில் எல்லோரும் கடைசிவரை உட்கார்ந்து கேட்ட பேச்சு என்னுடையது ஒன்றுதானாம். அடுத்த மாதம் ஹூஸ்டன் சங்கத்திலும் பேசச் சொல்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டேன். புதுசாகச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று, போனை வைத்ததும் ஒரு ராக்கெட் கம்பெனியில் கொஞ்சமே கொஞ்சம் வாங்கியிருக்கிறேன். வான்மதிக்குத் தெரிய வேண்டாம்.